மண்டபத்துக்கு வழி

திருச்சியில நடக்கிற கல்யாணத்துல பாதி எனக்கு முன்கூட்டியே தெரியும். மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார், பொண்ணுக்கு எத்தனை சித்தப்பா, அதுல எந்தச் சித்தப்பாவோட பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் தெரியும். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்துல நிஜாமுதீன் பாயோட பத்திரிகைக் கடை இருக்கு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை. அங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து பத்திரிகையை டைப் பண்ணி அமைக்கிறவ நான்தான். பேர் டோரதி. வயசு நாப்பத்தி நாலு. கல்யாணம் ஆகலை. ஏன்னு கேக்காதீங்க, கேட்டவங்க யாரும் பதிலுக்கு நின்னதில்லை.

இருபத்திரண்டு வருஷமா அடுத்தவங்க பேரை அடிக்கிறதுதான் என் பிழைப்பு. யார் பேர் மேல, யார் பேர் கீழ, யாருக்குப் பட்டம், யார் பேருக்குப் பின்னால அடைப்புக்குறிக்குள்ள 'ஓய்வு'. ஒரு பெரியப்பா பேர் சித்தப்பா பேருக்குக் கீழ போனதுக்காக மண்டபத்துலயே கை கலந்த கல்யாணம் உண்டு. அதனால எங்க கடையில ஒரு சட்டம். ஒரு தாள்ல மாதிரி அடிச்சுக் கொடுப்போம், அதுக்குப் பேரு ப்ரூஃப். வீட்டுக்காரங்க படிச்சுப் பார்த்து, 'ஓகே'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டாச்சுன்னா வானமே இடிஞ்சு விழுந்தாலும் அதுக்கப்புறம் ஒரு புள்ளி மாறாது. அந்தத் தாளையெல்லாம் பாய் இரும்பு பீரோவில வச்சுப் பூட்டுவார். அவர் வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாது. ப்ரூஃப் எங்க இருக்குன்னு தெரியும்.

இப்படி பேப்பரும் மையுமா கிடந்தவளை வெப்சைட் பக்கம் தள்ளிவிட்டதும் பாய்தான். "டோரதிம்மா, இப்பல்லாம் பத்திரிகையோட சேர்த்து வெப்சைட்டும் கேக்குறாங்க. நீ கத்துக்கயேன். இன்ஷா அல்லாஹ், நாமளே பண்ணிக் கொடுத்துடலாம்"ன்னார். அவரே விசாரிச்சு ஒரு கிளாஸும் பார்த்து வச்சிருந்தார். ஸ்ரீரங்கத்துல, உத்தர வீதியில ஒரு வீட்டு மாடி. ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சு, சாப்பிட்டு, ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன்னா மூணு மணிக்கு அங்க இருப்பேன். சொல்லித்தர்றது கோதைன்னு ஒரு பொண்ணு. இருபத்தாறு வயசு. வாரம் பூரா ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, ஞாயித்துக்கிழமை எங்களுக்கு வாத்தியார். மத்த ஆறு பேரும் நான் டைப் கத்துக்கிட்டப்போ பிறக்காதவங்க. ஆனாலும் நான் கோதையை மேடம்னுதான் கூப்பிட்டேன், படிக்கப் போன இடத்துல மரியாதை மரியாதைதான்.

"ஆளுக்கொரு பிளாக் கட்டப் போறோம்"ன்னாங்க மேடம். "சிம்பிளா, உங்களுக்குன்னு ஒண்ணு. முகப்பு, 'என்னைப் பற்றி'ன்னு ஒரு பக்கம், நீங்க எழுதற பதிவு. இதைக் கட்டி முடிச்சேள்னா அடிப்படை எல்லாம் கைக்கு வந்துடும்."

முதல் நாளே என் மானத்தை நானே வாங்கிக்கிட்டேன். "பக்கம் எத்தனை இன்ச் மேடம்?"ன்னு கேட்டேன்.

"அகலம் அவாவா போனைப் பொறுத்தது அக்கா. நீளத்துக்குக் கணக்கே கிடையாது. எழுத எழுதக் கீழ போயிண்டே இருக்கும்."

"சரி, அடி எங்க வரும்?"

"அடின்னே ஒண்ணு கிடையாது."

"அச்சுல... சாரி, நெட்ல ஏத்தினப்புறம் தப்பு தெரிஞ்சா?"

"திருத்திட்டு மறுபடியும் ஏத்த வேண்டியதுதான்."

"யார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு?"

ஆறு பேரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. எத்தனை தகப்பன்மாரு கண்ணுல தண்ணியோட வந்து நின்னிருக்காங்க, பேர் விட்டுப்போச்சும்மா, ஏதாவது பண்ணும்மான்னு. 'அச்சாயிடுச்சுங்க, இனிமே இடமில்லை'ன்னு கல்லு மாதிரி சொல்லி அனுப்பினவ நான். இங்க என்னடான்னா இந்தப் பொண்ணு 'திருத்திக்கோ'ங்குது. காவேரிப் பாலம் தாண்டுற வரைக்கும் எனக்கு இதே யோசனை. அடியே இல்லாத தாளை எவன் வெட்டுவான், சொல்லுங்க.

அப்புறம் பட்ட பாட்டைக் கேக்காதீங்க. கடையில அடிக்கிற பழைய ஃபான்ட்ல ஒரு பக்கம் அடிச்சு அப்படியே ஒட்டினேன். திரையில இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் சதுரக் கட்டமுமா கொட்டுச்சு. புது முறையில தமிழ் அடிக்க விரலை மறுபடியும் பழக்க ஒரு மாசம் ஆச்சு. அதைவிடக் கொடுமை, ஒரு பேரை நடுவுல கொண்டுவர்றது. கடையில எனக்கு அது ஒரு தட்டு. இங்க? ஒரு வரி எழுதினா இடது பக்கம் ஓடுது. இன்னொரு வரி சேர்த்தா மேல ஏறி உக்காருது. ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. "அக்கா, நடுவுல வைக்கத் தெரியாம எங்க கம்பெனியிலயே அழறவா இருக்கா"ன்னு மேடம் ஆறுதல் சொன்னாங்க. மூணாவது வாரம் 'டோரதி'ங்கிற எழுத்து சமர்த்தா நடுவுல வந்து நின்னுச்சு. நான் எழுந்து நின்னு கையைத் தட்டிட்டேன்.

எல்லாம் வந்துச்சு, 'என்னைப் பற்றி'தான் வரலை. எழுத உக்காந்தா விரல் அது பாட்டுக்கு 'இறையேசுவில் அன்புடையீர்'னு ஆரம்பிக்குது. கடைசியில 'தங்கள் நல்வரவை நாடும்'னு முடியுது. சுத்தி ஒரு தங்கக் கலர் பார்டர் வேற. மேடம் படிச்சுப் பார்த்துட்டு, "முகூர்த்த நேரம் ஒண்ணுதான் அக்கா குறையறது"ன்னாங்க. "பதிவாவது எழுதுங்கோ. பேசற மாதிரி எழுதுங்கோ. எது உங்களுக்குக் கோபம் வரவழைச்சுதோ அதை எழுதுங்கோ. முதல் ஒரு வருஷம் யாரும் படிக்க மாட்டா. தைரியமா எழுதலாம்."

எனக்குக் கோபம் வரவழைக்க ஆளா இல்லை. அடுத்த வாரமே எங்க அண்ணன் ஜேக்கப் ஒரு தாளை எடுத்துக்கிட்டு கடைக்கு வந்தார்.

அவர் பொண்ணு அனிஷாவுக்கு மே மாசம் கல்யாணம். அனிஷா நான் தூக்கி வளர்த்த பொண்ணு. ரெண்டாம் கிளாஸ்லேருந்து பிளஸ் டூ வரைக்கும் என் ஸ்கூட்டர்லதான் ஸ்கூலுக்குப் போனா. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு நான்தான் போவேன். கணக்கு டீச்சர் கடைசி வரைக்கும் என்னைத்தான் அம்மான்னு நினைச்சிருந்தாங்க. இப்ப அது பெங்களூர்ல வேலையில இருக்கு. அந்தப் பொண்ணோட பத்திரிகையை நான் அடிக்காம வேற யார் அடிக்கிறது? தாளை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேர். அண்ணியோட அக்கா வீட்டுக்காரர், அடைப்புக்குறிக்குள்ள ஓய்வு. அண்ணியோட ரெண்டு தம்பிங்க, பொண்டாட்டிங்களோட. பதினொரு வருஷமா கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு போன் பண்ணாத ஓசூர் சித்தப்பா. மேலேருந்து கீழ படிச்சேன். அப்புறம் கீழேருந்து மேல படிச்சேன். ப்ரூஃப் பார்க்கிற பழக்கம். ரெண்டு தடவையும் என் பேர் இல்லை.

"அண்ணே, ஒரு பேர் விட்டுப்போயிருக்கு."

"யாரு?"

சொல்ல வெக்கமா இருந்துச்சு. "நான்தான்"ன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "அது வந்து... உன் அண்ணிதான் எழுதினா. எல்லாம் திரு, திருமதின்னு ரெண்டு ரெண்டா வருது பாரு. உன் பேர் மட்டும் தனியாத் தொங்கும், பார்க்க நல்லாருக்காது. இடமும் இல்லை. நீ நம்ம வீட்டு ஆளு, நீயா தப்பா எடுத்துக்கப் போறே?"

தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன். வாயைத் திறந்து சொல்லலை, அவ்வளவுதான். எனக்கா இடத்தைப் பத்திச் சொல்றார்? ஒத்தையா வர்ற பேரை நடுவுல வச்சு, ரெண்டு பக்கமும் சின்னப் பூ போட்டு, அதுதான் பத்திரிகைக்கே அழகுன்னு ஊரு சொல்ற மாதிரி எத்தனை அடிச்சிருப்பேன்! முப்பத்தெட்டுப் பேரையும் ஒரு பிழை இல்லாம அடிச்சேன். ஓசூர் சித்தப்பா பேர்ல ஒரு புள்ளி கூட விடலை. அடிச்சு முடிச்சதும் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காம மூடி வச்சுட்டேன்.

அந்த வாரம் பூரா மத்தியானத்துல பிளாக் எழுதினேன். தலைப்பு 'இடமில்லை'. அன்புடையீரும் வரலை, நல்வரவும் வரலை. தானா வந்துச்சு. யார் யார் பேர் இருக்கு, அவங்க அனிஷாவுக்கு என்ன செஞ்சாங்க, நான் என்ன செஞ்சேன்னு எழுதினேன். ஓசூர் சித்தப்பாவுக்கு ஒரு பத்தி தனியா கொடுத்தேன். கடைசி வரி எனக்கு மனப்பாடம்: 'இருபத்திரண்டு வருஷமா ஊர்ல இருக்கிற பேரையெல்லாம் அடிச்சேன். என் பேர் மட்டும் இன்னும் எந்தப் பத்திரிகையிலயும் வரலை. தனியாத் தொங்குமாம். தொங்கட்டுமே, நான் தனியா நிக்கலையா?'

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அதை நெட்ல ஏத்தினேன். மேடத்துக்கு அனுப்பலாம்னு லிங்க்கைக் காப்பி பண்ணேன். அதே நேரம் அண்ணன், அண்ணி, அண்ணியோட தம்பி மூணு பேரும் ப்ரூஃப் பார்க்க வந்து நின்னாங்க. அண்ணி ஃபெமினா வர்றப்பவே, "டோரதி, மண்டபத்துக்கு வழி காட்டுற கட்டம் போட மறந்துட்டியே"ன்னாங்க. க்யூஆர் கட்டம். போனைக் காட்டினா மேப் திறக்கும், இப்ப எல்லாப் பத்திரிகையிலயும் போடுறோம். இவங்க பிடிச்ச மண்டபம் உறையூர்ல சந்துக்குள்ள சந்து, ஆட்டோக்காரரே ரெண்டு பேரைக் கேட்டுத்தான் போகணும். கட்டம் இல்லாம முடியாது. அண்ணி வாட்ஸ்அப்ல மேப் லிங்க் அனுப்பியிருந்தாங்க. கடை கம்ப்யூட்டர் வெயில் நேரத்துல அப்படியே நின்னுடும், அன்னைக்கும் நின்னுச்சு. நான் காப்பி பண்ணி ஒட்டினேன். ஒட்டினேன்னுதான் நினைச்சேன். ஒட்டினது அதுக்கு முன்னாடி காப்பி பண்ணினதை.

வழக்கமா கட்டத்தை பாய்தான் தன் போன்ல காட்டி சரி பார்ப்பார். என் போன் கேமரா உடைஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. பாய் அப்பத்தான் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிட்டார். ப்ரூஃபை மூணு பேரும் அரை மணி நேரம் பார்த்தாங்க. அண்ணி தன் பேரைப் பார்த்தாங்க. தம்பி தன் பேரைப் பார்த்து, 'பி.இ.'க்கு நடுவுல புள்ளி இருக்கான்னு விரல் வச்சுப் பார்த்தார். கட்டத்தை ஒருத்தர் சீண்டலை. அண்ணன் கையெழுத்துப் போட இடம் தேடினார். முப்பத்தெட்டுப் பேருல தாள் ரொம்பியிருந்துச்சு, அதனால அந்தக் கட்டத்து மேலயே 'ஓகே, ஜேக்கப்'னு போட்டுட்டார். திங்கக்கிழமை அறுநூறு பத்திரிகை அச்சாகி வீட்டுக்குப் போச்சு.

என் பிளாக்ல எத்தனை பேர் வந்தாங்கன்னு காட்டுற ஒரு எண்ணை மேடம் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அதுவரைக்கும் மூணு. நான், மேடம், நான் கடைசியா இன்னொரு தடவை. வியாழக்கிழமை காலையில கடையில வந்து உக்காந்து பார்த்தேன், நாப்பத்தொண்ணு. கண்ணைக் கசக்கிட்டுப் பார்த்தேன், நாப்பத்திமூணு. பத்து மணிக்கு எழுபது. எனக்குக் கால் தரையில நிக்கலை. எதிர்க்கடையில ஜாங்கிரி வாங்கிட்டு வந்து பாய் மேஜையில வச்சேன்.

"என்னம்மா விசேஷம்?"

"நான் எழுதினதை எழுபது பேர் படிச்சிருக்காங்க பாய்!"

"மாஷா அல்லாஹ்!" ரெண்டு ஜாங்கிரி எடுத்துக்கிட்டார்.

மேடத்துக்குப் போன் போட்டேன். "வைரலாயிட்டேள் அக்கா! எங்கேர்ந்து வரான்னு பாருங்கோ"ன்னாங்க. பார்த்தேன். திருச்சி, திருச்சி, தஞ்சாவூர், லால்குடி, திருச்சி, ஓசூர். ஓசூர்ல என் எழுத்துக்கு யார் வாசகர்னு ஒரு நிமிஷம் பெருமையா யோசிச்சேன்.

போன் அடிச்சுச்சு. பிலோமின்ராஜ் மாமா. அம்மாவோட தம்பி, பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல இருந்து ரிட்டயர்டு ஆனவர், எழுபத்தஞ்சு வயசு.

"ஏம்மா டோரதி, மண்டபத்துக்கு வழி கேட்டா அது உன் சண்டையைக் காட்டுதே?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"அனிஷா பத்திரிகையில கட்டம் இருக்குல்ல, பக்கத்து வீட்டுப் பொண்ணு போனைக் காட்டுச்சு. 'இடமில்லை'ன்னு வந்துச்சு. மண்டபத்துல இடமில்லையோன்னு பயந்துட்டேன். அப்புறம் படிச்சேன். உங்க அத்தைக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சோம். நல்லா எழுதியிருக்கேம்மா. எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருந்தா தேவலை."

அடிப்பாவி டோரதி! பத்திரிகையை எடுத்து பாய் போன்ல காட்டச் சொன்னேன். கட்டத்தைக் காட்டினார். 'இடமில்லை.' எண்ணு எழுபத்தி ஆறாச்சு. பாய் படிச்சார். ஜாங்கிரியைக் கீழ வச்சார். "யா அல்லா"ன்னார்.

எனக்கு மனுஷங்க யாரும் அப்ப நினைப்புல வரலை, அனிஷா ஒருத்தியைத் தவிர. அதோட கல்யாணப் பத்திரிகையில நானே கரியைப் பூசிட்டேனே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கைக்கும் போயிருக்குமே, இனிமே அது என்னை அத்தைன்னு கூப்பிடுமா? மேடத்துக்கு மறுபடியும் போன் போட்டா எடுக்கலை, ஆபீஸ் மீட்டிங். அப்ப வாசல்ல ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. அண்ணன்.

"டோரதி! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே? ஓசூர் சித்தப்பா போன்ல கத்துறார், கல்யாணத்துக்கே வரலைங்கிறார்!"

அந்தப் பயத்திலும் எனக்கு, அவர் வராதது புதுசான்னு கேக்கத் தோணுச்சு. "வேணும்னு பண்ணலைண்ணே. ஒட்டினது மாறிப்போச்சு"ன்னேன்.

"பாய், எல்லாத்தையும் மறுபடி அடிச்சுக் கொடுங்க!"

பாய் எழுந்தார். இரும்பு பீரோவைத் திறந்தார். ஒரு தாளை எடுத்து மேஜையில வச்சு, ஜாங்கிரிப் பாகு படாம ரெண்டு விரலால நேராக்கினார். "தம்பி, இது யார் கையெழுத்து?"

அண்ணன் பார்த்தார். 'ஓகே, ஜேக்கப்.' சரியா அந்தக் கட்டத்து மேல.

"மூணு பேர் வந்து அரை மணி நேரம் பார்த்திருக்கீங்க. பி.இ. புள்ளியெல்லாம் பார்த்திருக்கீங்க. இதைப் பார்க்கலை. எங்க தப்பும் இருக்கு, இல்லேங்கலை. ஆனா இன்னும் ஒம்பது நாள்ல கல்யாணம், மிஷின் மாசக் கடைசி வரைக்கும் புக்கிங். பாதிப் பத்திரிகை ஊருக்குப் போயாச்சு. அச்சானது அச்சானதுதான்."

அண்ணன் ஸ்டூல்ல உக்காந்தார். கோபம் இறங்கினதும் கேட்டார், "அப்படி என்னதான் எழுதினே?" அவர் இன்னும் படிக்கவே இல்லை. அண்ணி பாதி படிச்சுக் கத்தினதைக் கேட்டுட்டு நேரா வண்டியை எடுத்திருக்கார். பாய் போனை நீட்டினார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சார். நடுவுல ஒரு தடவை லேசா சிரிச்சார், அது ஓசூர் பத்தியாத்தான் இருக்கணும். கடைசியில சிரிக்கலை.

"இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேண்ணே. 'நான்தான்'னு சொன்னேன். இதுக்கு மேல எப்படிச் சொல்றது? எனக்கு வலிச்சுச்சு. அனிஷா கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்பிட எனக்கு உரிமை இல்லையா? திருமதின்னு போட எனக்கு ஆள் இல்லை, அதுக்காக அத்தை இல்லைன்னு ஆயிடுமா?"

அழுதுட்டேன். பாய் ஃபேனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்க்காம எழுந்து, "மேப்பையாவது எப்படியாவது வர வை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

எப்படி வர வைக்கிறது? கட்டம் பேப்பர்ல ஏறிடுச்சு. அறுநூறு வீட்டுக்கும் போய் அழிக்கவா முடியும்? பத்து நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன். அப்புறம்தான் மண்டையில உறைச்சுச்சு. அடியே டோரதி, கட்டம்தான் பேப்பர். கட்டம் போய் நிக்கிற இடம் பேப்பர் இல்லையே! அது நீ கட்டினது, திருத்திட்டு ஏத்த வேண்டியதுதானே!

மேடம் இல்லாம நானே உக்காந்தேன். 'இடமில்லை'யை எடுத்தேன். எடுக்குறப்போ கொஞ்சம் மனசு கேக்கலை, அதுதான் நான் எழுதின முதல் எழுத்து. அந்த இடத்துல உறையூர் மேப்பை வச்சேன். மேல அனிஷா பேர், மாப்பிள்ளை பேர், தேதி. பிலோமின்ராஜ் மாமாவுக்காக எழுத்தைப் பெருசு பண்ணேன். எந்தச் சந்துல திரும்பணும், எந்த டீக்கடைக்கு எதிர்ல வண்டியை விடலாம்னு பேசுற மாதிரி எழுதினேன். எல்லாம் சரியா வந்துடுச்சு. பக்கத்துக்குக் கடைசியில ஒரு வரி மட்டும் மிச்சம். எல்லாப் பதிவுக்கும் கீழ தானா வர்ற வரி அது: 'எழுதியவர்: டோரதி.'

மேப்பை யாரும் எழுதலை. அந்த வரியை அழிக்கணும், இல்லேன்னா மாத்தணும். அழிக்கத்தான் கை வச்சேன். யார்கிட்டயும் கேக்கலை, யார் கையெழுத்தும் வாங்கலை. 'எழுதியவர்'ங்கிறதை எடுத்துட்டு 'அன்புடன் அழைக்கும்'னு அடிச்சேன். அதுக்குக் கீழ 'டோரதி, மணமகளின் அத்தை'. நடுவுல கொண்டு வந்தேன். ஒரே தடவையில வந்துச்சு. ரெண்டு பக்கமும் சின்னப் பூ போட்டேன். நெட்ல ஏத்தினேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அனிஷா பெங்களூர்லேருந்து போன் பண்ணுச்சு. நான் "அனிஷா, அத்தை வேணும்னு பண்ணலைடா..."ன்னு ஆரம்பிச்சதும், "அத்தை, லிஸ்ட்டை நான் பார்க்கவே இல்லை, அப்பா அச்சானதைத்தான் அனுப்பினார்"ன்னு அதுவே அழுதுச்சு. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, "நீங்க எழுதினதை நான் போட்டோ எடுத்து வச்சுட்டேன். மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் படிச்சாச்சு. என் மாமியார், அந்த ஸ்கூட்டர் அத்தையை முதல்ல பார்க்கணும்ங்கிறாங்க"ன்னுச்சு.

சனிக்கிழமைக்குள்ள எண்ணு நானூத்தைத் தாண்டிடுச்சு. பிலோமின்ராஜ் மாமா, "இப்ப எழுத்து ஜோரா இருக்கு"ன்னு சர்டிபிகேட் கொடுத்தார். மண்டபத்துக்கு வழி கேக்கிற அத்தனை பேரும் கடைசி வரைக்கும் இறங்கி வந்து என் பேரைப் பார்த்துட்டுத்தான் போறாங்க.

திங்கக்கிழமை அண்ணி போன் பண்ணாங்க. கடையில எடுத்தேன். எதுத்த மேஜையில பாய் பேப்பர் படிக்கிற மாதிரி காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தார்.

"டோரதி, அந்த மேப் பக்கத்தைப் பார்த்தேன்."

"சொல்லுங்கண்ணி."

"நல்லாத்தான் பண்ணியிருக்கே. எல்லாரும் அதைத்தான் பார்க்கிறாங்க. பத்திரிகையைப் பிரிச்சுக்கூடப் படிக்கலை, கட்டத்தைக் காட்டிட்டுத் தூக்கி வச்சுடுறாங்க." தொண்டையைச் செருமிக்கிட்டாங்க. "ஆனா அதுல அழைக்கிறது உன் பேர் ஒண்ணுதான் இருக்கு. பெத்தவ நானு. எங்க தெருவுல எல்லாரும் கேக்குறாங்க, பொண்ணோட அம்மா பேரைக் காணோமேன்னு."

"ஆமாண்ணி. கேக்கத்தான் செய்வாங்க."

"நான் எழுதினது தப்புதான், டோரதி. திரு, திருமதின்னு பழக்கத்துல எழுதிட்டேன். உன்னை யோசிக்கலை." குரல் இறங்கிடுச்சு. "உன் பேருக்குக் கீழ எங்க பேரையும் போட்டுடேன். அதுல இடம் இருக்குமா?"

இந்த ஒரு கேள்விக்கு என் வாய்ல பதில் ரெடியா இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷமா எத்தனை பேர்கிட்ட சொன்னது, பதினஞ்சு நாளைக்கு முன்னாடி எனக்கே சொன்னது. ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பாய் பேப்பரைக் கீழ இறக்கி என்னையே பார்த்தார்.

"இருக்கு அண்ணி"ன்னேன். "இந்தப் பக்கத்துக்கு அடியே கிடையாது. எத்தனை பேர் வேணும்னாலும் போடலாம். ஓசூர் சித்தப்பாவைக்கூடப் போடலாம்."

அண்ணி மூக்கை உறிஞ்சிட்டுச் சிரிச்சாங்க. "அப்ப எப்ப போடுவே?"

"அண்ணனை ஒரு எட்டு கடைக்கு அனுப்புங்க. ப்ரூஃப் எடுத்து வைக்கிறேன். இந்தத் தடவை எல்லாப் பேரையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."